கடல் ஏறுவதும் மணல் போவதும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, போன புயலில் எங்கள் தெருவரை கடல் வந்தது. அதே நேரம் தெற்கே என் அக்கா ஊரில் கடல் உள்வாங்கியதாம். இதென்ன கூத்து?

பதில்: கூத்தெல்லாம் இல்லை தம்பி, காற்றுதான். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்குக் கரையில் ஏறும்போது புயலின் கண்ணுக்கு, அதாவது நடு மையத்துக்கு, வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கு. நீங்கள் வடக்கே மாட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: காற்றழுத்தம் குறைவதால் கடல் மேலெழும்புகிறது என்று படித்தேன். சரியா?

பதில்: பாதி சரி. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. எழும். 50 குறைந்தாலும் அரை மீட்டர்தான். மிச்சம் முழுக்கக் காற்றின் வேலை. ஆழமான கடலில் தள்ளப்பட்ட தண்ணீர் அடிவழியாகத் திரும்பிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அதற்குப் போக்கிடம் ஏது? ஊருக்குள் ஏறும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பயணிகளோடு ரயிலையே கடல் வாரிக்கொண்டு போனது. அமாவாசை, பௌர்ணமியில் கடல் பொங்கும் ஓதமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

கேள்வி: புயலுக்குப் பிறகு கரையில் இடுப்புயரத்துக்கு மணல் வெட்டினாற்போல் நிற்கிறது. தென்னை வேர் தொங்குகிறது. போன மணல் திரும்புமா?

பதில்: வழக்கமாகத் திரும்பும். புயல் அலை மணலை இழுத்துப்போய்க் கொஞ்ச தூரத்தில் திட்டாகக் குவித்து வைக்கும். கடல் அமைதியானதும் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குக் கொண்டுவரும். மாதங்கள் ஆகும், பொறுங்கள்.

ஆனால் உங்களுக்குத் தெற்கே துறைமுகச் சுவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் கரையில் மணல் வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. வாடைக் காலத்தில் தெற்கே போகும், மற்ற மாதங்களில் வடக்கே; கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகம் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கும் இதே கதை. கடற்கரைச் சாலையில் மணல் போய்க் கருங்கல்தான் மிஞ்சியது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பை இறக்கினார்கள். அங்கே கொஞ்சம் மணல் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் புயலை மட்டும் திட்டிப் பயனில்லை.

கேள்வி: அப்போ எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். உங்கள் கரை நிற்கும், வடக்கே அடுத்த குப்பத்தில் வீடு விழும். அவர்களும் ஒன்று கேட்பார்கள். நானாக இருந்தால் முதலில் மணல் மேட்டை வெட்டிப் பாதை போடுவதை நிறுத்தச் சொல்வேன். அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டைப் புல்டோசரால் தள்ளிவிட்டு, அப்புறம் அங்கேயே கல் கொட்டுகிறார்கள்!

கேள்வி: கிணற்றில் கடல்நீர் புகுந்துவிட்டது அண்ணா. மோட்டார் வைத்து ஒட்ட இறைத்துவிடவா?

பதில்: வேண்டாம் அம்மா! நல்ல தண்ணீர் உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. ஒட்ட இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். சேற்றையும் குப்பையையும் அள்ளிவிட்டு, லேசாக இறைத்து நிறுத்துங்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். அதுவரை குடிக்க வேறு தண்ணீர்தான்.