சிவில் முடித்த நான் நகரமைப்பு படிக்கலாமா? அனுமதி எல்லாம் ஆன்லைன் ஆனபின் அந்தத் தொழிலுக்கு இனி என்ன வேலை?

தஞ்சாவூர்ப் பக்கம், சிவில் முடித்திருக்கிறேன், நகரமைப்பு முதுகலையான எம்.பிளான் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் "பேசாமல் டிஎன்பிஎஸ்சிக்குப் படி" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு 20 வருடத்துக்கும் மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். தாராளமாகப் படியுங்கள். ஆனால் நான் படித்து வந்த காலத்து வேலை இப்போது இல்லை.

அன்றைக்கு வேலை என்றால் வரைபடம். புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்) வாங்கி, மனை பிரித்து, சாலை அகலம் விட்டு, பூங்காவுக்கு 10 சதவீதம் ஒதுக்கி, கோப்பு எந்த மேசையில் கிடக்கிறதோ அதன் பின்னாலேயே அலைந்து முத்திரை வாங்க வேண்டும். இதில் பாதியை இன்று கணினியே பார்த்துக்கொள்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனை வைத்திருப்பவர், 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று தானே சான்று கொடுக்கும் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி எடுக்கலாம். ஒரு வீட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இது நல்லது என்றே சொல்வேன்.

அப்படியானால் நமக்கு என்ன மிச்சம்? அதற்குப் பதிலாக என் கதையைத்தான் சொல்ல முடியும்.

2006இல் நீடாமங்கலம் பக்கம் ஒரு மனைப்பிரிவு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே ஆறு ஏக்கர் நன்செய். புலப்படத்தில் ஓரமாக ஒரு பாசன வாய்க்கால் இருந்தது. அதைத் தொடாமல் இடம் விட்டுத்தான் படம் போட்டேன். அப்ரூவலும் வந்துவிட்டது. மனைக்கல் நட்ட அன்று, பக்கத்து வயலில் வரப்பு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியோடு வந்து நின்றார். படத்தை விரித்துக் காட்டி, "வாய்க்காலுக்கு எடம் விட்டிருக்கோம் அய்யா" என்றேன்.

"இது தண்ணி வர்ற வழி தம்பி. போற வழிய எங்க விட்டிருக்கீங்க?"

மண்வெட்டிக் காம்பால் ஈர மண்ணில் ஒரு கோடு இழுத்தார். மேல் வயல்களில் மிஞ்சுகிற தண்ணீர், இந்த ஆறு ஏக்கரின் தாழ்ந்த பக்கமாக, வரப்பில் விட்ட மடை வழியே வயலுக்கு வயல் இறங்கித்தான் வடிகாலுக்குப் போகும். அந்த வழிக்குத் தனியாகப் புல எண் கிடையாது. எல்லாம் பட்டா நிலம். எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அது அகப்படாது. மனை போட்டவரிடம் சொன்னேன். "அப்ரூவல் வந்தாச்சு, இனிமே எதுக்கு சார்?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்றடி மண் கொட்டி மேடாக்கினார்கள். 2008 நவம்பரில் நிஷா புயல். மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் போனேன். மனைகள் மேட்டில் பத்திரமாக இருந்தன. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றது. அந்தப் பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு சம்பாக் குத்தைப் பிடுங்கி வந்து என் கையில் கொடுத்தார். வேர் கறுத்து, தொட்டதும் கழன்று வந்தது. அழுகல் வாடை. அவர் என்னைத் திட்டவில்லை. "பாத்துட்டுப் போங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

கமெண்ட்டில் "காசுக்காக நிலத்தை அழித்த ஆள்" என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் ஒரு விதிமீறல்கூட இல்லை. எனக்கு இன்றுவரை உறுத்துவதே அதுதான். மனையே கூடாது என்று சொல்பவனும் இல்லை நான். என் வீடு நிற்பதே ஒரு காலத்தில் நெல் விளைந்த மண்ணில். டெல்டாவில்தான் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். அந்த 2020 சட்டம் ஹைட்ரோகார்பன், உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. அதன் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை.

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு). தண்ணீருக்கு அவ்வளவு இடம் விட்ட ஊர்க்காரர்கள் நாம். 1915 வாக்கில் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து நகரமைப்பாளர் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நடந்து பார்த்துவிட்டு, நேர்ச்சாலைக்காக வீடுகளை வரிசையாக இடிக்க வேண்டாம், அங்கங்கே கொஞ்சம் திறந்துவிட்டாலே போதும் என்றார். நடந்து பார்த்ததால் அவருக்கு அது தெரிந்தது. மென்பொருள் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியை அளக்கும். போகிற தண்ணீரை யாராவது போய்த்தான் பார்க்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன என் அப்பா வீட்டுத் திண்ணை இன்று தெருவுக்கு ஒரு படி கீழே கிடக்கிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதினார். அப்புறமும் எங்கள் தெருவில் ஒரு தடவை போட்டுவிட்டார்கள். அம்மா இப்போது மழை வந்தாலே வாசலில் மணல் மூட்டை அடுக்கச் சொல்கிறார். 80 வயதில் அவருக்கு இந்தக் கவலை எதற்கு?

சரி, வேலைவாய்ப்பு. நாடு முழுவதும் மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட 3,945 நகரமைப்பாளர் பணியிடங்களில் சுமார் 42 சதவீதம் காலி என்று 2021இல் நிதி ஆயோக் சொன்னது. 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) இல்லை என்றும் சொன்னது. ஆக, வேலை இருக்கிறது. அரசு வேலை உடனே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நான் இப்போது படம் போடுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலமாவது அந்த இடத்தைப் பார்த்துவிடுகிறேன். தலைமடைக்காரரிடமும் கடைமடைக்காரரிடமும் கேட்கிறேன். அதற்குக் காத்திருக்க மாட்டேன் என்று போனவர்கள் உண்டு. போன வருடம் பாபநாசம் பக்கம் ஒருவர் ஒத்துக்கொண்டார். நாலு மனையை விட்டுக்கொடுத்து, தண்ணீர் போகிற பள்ளத்தைக் குழாய்க்குள் அடைக்காமல் திறந்த வாய்க்காலாகவே நடுவில் விட்டோம், இரண்டு பக்கமும் சாலை. சேர்வதற்கு முன்னால் ஒருமுறை வாருங்கள், கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஐப்பசியில் வந்தால் தண்ணீர் போவதையே பார்க்கலாம்.