மாத்திரைக்கு அடங்காத கட்டி

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து என் மகனுக்கு (வயது 16) தொடையிலும் அக்குளிலும் மாறி மாறிச் சீழ்க்கட்டி வருகிறது. மருந்துக்கடையில் கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தை முன்பு இரண்டு நாள் கொடுத்தாலே வற்றிவிடும், இப்போது கேட்பதில்லை. அவன் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? இன்னும் வீரியமானதை வாங்கலாமா?
– ஒரு தாய், தன்லின் (மியான்மர்)

பதில்: பழகியது உங்கள் மகனின் உடம்பு அன்று, அம்மா; கிருமிதான். இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, ஏறத்தாழப் பத்தில் மூன்று பேரின் மூக்கில் தொல்லை தராமலே குடியிருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போதெல்லாம் அதற்கு மடிபவை மடிய, தாங்குபவை எஞ்சிப் பெருகுகின்றன. பென்சிலினுக்கு அடங்காத இந்தக் கிருமிக்கென்று 1959இல் மெத்திசிலின் வந்தது. அதற்கும் அடங்காத கிருமி 1961இலேயே பிரிட்டனில் பதிவாயிற்று. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் அந்த வகைக்கு அமோக்சிசிலின், கிளாக்சாசிலின், செபலெக்சின் எவையும் பயன்படா.

ஆகவே வீரியமானதைத் தேடி வாங்க வேண்டாம். பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் மட்டும் தற்காலிகமாக அடங்கும், நோய் உள்ளேயே இருக்கும்.

சீழ் கோத்த கட்டிக்கு முதல் சிகிச்சை, மருத்துவர் அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவதே. ஏனெனில் சீழ் தேங்கிய இடத்துக்குள் மருந்து சரிவரச் செல்வதில்லை. வீட்டில் பிதுக்கவோ, புண்ணின் மேல் தனகா என்னும் மரப்பட்டை அரைப்பைப் பூசவோ கூடாது. கீறும்போது எடுக்கும் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். சிறிய கட்டியானால் கீறியதோடு மாத்திரையின்றியே ஆறுவதும் உண்டு. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, முகத்தில் கட்டி வந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் திரும்பத் திரும்ப வந்து, தழும்பாகி, உள்ளுக்குள் புரையோடும் கட்டிகள், மயிர்க்கால்களில் தோன்றும் ஹைட்ராடெனைட்டிஸ் என்னும் அழற்சி நோயாகவும் இருக்கலாம். அதன் மூலகாரணம் கிருமித்தொற்று அன்று. இதை வேறுபடுத்திப் பார்க்கத் தோல் மருத்துவர் வேண்டும். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். அதுவரை அவனுடைய துண்டையும் சவரக்கத்தியையும் வீட்டில் வேறு யாரும் தொடாமல் தனியே வைத்திருங்கள்.