அகல டயரா, ஒல்லி டயரா? முதலில் காற்றைக் குறையுங்கள்

கேள்வி: 29 அங்குலச் சக்கரம் கொண்ட ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள) மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். வண்டியோடு வந்த 2.1 அங்குல டயர்தான் இன்னும் இருக்கிறது. டியூப் போட்டு, முன்னும் பின்னும் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று அடிக்கிறேன். என் எடை 68 கிலோ. காடுமேடு வழியே போகும் கிராஸ் கன்ட்ரி பாதையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப் போகிறது. வேர்கள் நிறைந்த ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்குகிறது. 2.4 டயருக்கு மாறலாம் என்று பார்த்தால், கூட ஓட்டுபவர்கள் ‘கனம் கூடும், வேகம் போய்விடும்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மாறலாம். முன்னால் 2.4, பின்னால் 2.25 என்பதுதான் உங்களுக்கு என் யோசனை. ஆனால் டயருக்குப் பணம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருக்கும் டயரிலேயே பின்னால் 29, முன்னால் 27 பி.எஸ்.ஐ. வைத்து அதே பாதையில் ஒருமுறை போய்வாருங்கள். 68 கிலோ எடைக்கு 35 என்பது ரொம்பவே அதிகம். உங்கள் கைவலியில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஓட்டும்போது ரிம் கல்லில் ‘டொக்’ என்று இடிப்பது கேட்டால் 2 பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

‘கல்லு மாதிரி காற்று அடித்தால்தான் வண்டி ஓடும்’ என்பது தார்ச்சாலையில் பிறந்த நம்பிக்கை. அங்கே அது ஓரளவு சரி. டயர் உருளும்போது அதன் ரப்பர் நசுங்கி நிமிர்வதில்தான் சக்தி வீணாகிறது, காற்று கூடினால் நசுங்கல் குறையும். காட்டுப் பாதையில் கணக்கே வேறு. விறைப்பான டயர் முட்டை அளவுக் கல்லில் ஏறினால் சைக்கிளும் அதன் மேல் உள்ள நீங்களும் சேர்ந்து மேலே தூக்கப்படுகிறீர்கள். தூக்கும் சக்தி உங்கள் தொடையிலிருந்துதான் போகிறது. மெத்தென்ற டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும், உடம்பு அசையாது. ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை ஆயிரம் கற்கள், வேர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, அகலம் எங்கே வருகிறது? ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், பின்சக்கரத்தில் சுமார் 45 கிலோ இறங்கும். 20 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோ. ஆக, டயர் மண்ணைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 32 சதுர சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதே காற்றில் ஒல்லி டயருக்கும் அகல டயருக்கும் இந்தப் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், வடிவம்தான் மாறும். ஒல்லி டயரில் அது நீளவாக்கில் நீண்டு கிடக்கும், அகல டயரில் குறுக்கே பரந்து குட்டையாக இருக்கும். நீண்டு கிடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர வேண்டும். அதனால் ஒரே காற்றில், ஒரே மாதிரி டயரில், அகலமானதுதான் சற்று லேசாக உருளும். பலரும் இதை நம்ப மறுப்பார்கள்.

ஆனால் அதே காற்றை அடித்தால் அகல டயர் வாங்கியதன் பலன் போய்விடும். டயர் பருமனாக ஆக, அதே அழுத்தம் அதன் உறையை இன்னும் விறைப்பாக இழுக்கும். என் சைக்கிளில் 2.4 மாட்டிய முதல் நாள் பழைய பழக்கத்தில் 30 அடித்துக்கொண்டு போனேன். பாறைகளின் மேல் பந்து மாதிரி துள்ளியது, வளைவில் முன்சக்கரம் எங்கே போகும் என்றே தெரியவில்லை. பாதி வழியில் காற்றை இறக்கிய பிறகுதான் டயர் மண்ணைப் பிடித்தது. 2.1இல் 28 வைக்கும் விறைப்பு 2.4இல் 24.5லேயே வந்துவிடும். ரிம், டயர் இரண்டும் ட்யூப்லெஸுக்கு (டியூப் இல்லாமல் ஓட்டுவதற்கு) ஏற்றவையாக இருந்தால் டியூபைக் கழற்றிவிடுங்கள். நசுங்கிப் பஞ்சராக டியூபே இல்லை என்பதால் இன்னும் இறங்கலாம். உங்கள் எடைக்கு முன்னால் 18–19, பின்னால் 21–22இல் ஆரம்பியுங்கள்.

கனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே மாடலில் 2.25க்கும் 2.4க்கும் வித்தியாசம் பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். 29 அங்குல டியூப் சுமார் 200 கிராம் இருக்கும். அதை எடுத்துவிட்டு 100 மில்லி சீலன்ட் (சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றினால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். உண்மையில் கனமானவை தடித்த பக்கச்சுவரும் ஆழமான பட்டன்களும் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் புடைப்புகள்) கொண்ட, செங்குத்து இறக்கங்களுக்கான டயர்கள். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ‘அகலம் என்றால் கனம்’ என்கிறார்கள். 1996இல் அட்லாண்டாவில் கிராஸ் கன்ட்ரி முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது 26 அங்குலச் சக்கரமும் 2 அங்குலத்தை ஒட்டிய டயரும்தான் வழக்கம். இன்று பந்தயக்காரர்களே 2.35, 2.4 போடுகிறார்கள்.

ஒல்லி டயருக்கும் இடம் உண்டு. ஒட்டும் சேற்றில் அது கீழே வெட்டிக்கொண்டு இறங்கி இறுகிய மண்ணைத் தொடும், ஃபிரேமுக்குள் சேறு அப்பி சக்கரத்தை நிறுத்தாது. பாதையில் பெரும்பகுதி தாரோ, இறுகிய மண்ணோ என்றாலும் 2.1 போதும். நீங்கள் சொல்லும் வேர்ப்பாதை அந்த ரகம் இல்லை.

முன்னால் ஏன் அகலம் என்றால், பின்சக்கரம் வழுக்கினால் ஒரு மிதி வீணாகும், முன்சக்கரம் வழுக்கினால் ஆளே கீழே. ஏற்றத்தில் உங்களுக்குப் பின்னால் வழுக்குவதைக் காற்றைக் குறைப்பதும் தேயாத பட்டன்களுமே பெரும்பாலும் சரிசெய்யும். அப்புறம், வேர்களின் மேல் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்தபடியே மிதியுங்கள்.

வாங்கும் முன் இரண்டைக் கட்டாயம் அளக்க வேண்டும். முதலாவது ரிம்மின் உள்அகலம். பெரும்பாலும் ரிம்மிலேயே 622x25 என்பது போல அச்சிட்டிருக்கும், அதில் 25 என்பதுதான் உள்அகலம், மில்லிமீட்டரில். 25 முதல் 30 வரை இருந்தால் 2.4 நன்றாக உட்காரும். 23க்கும் கீழே என்றால் 2.4 வேண்டாம். குறுகிய ரிம்மில் அகல டயர் பல்பு மாதிரி உப்பி, வளைவில் பக்கவாட்டில் சாயும். அப்படியானால் முன்னும் பின்னும் 2.25 போடுங்கள்.

இரண்டாவது இடைவெளி. 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்றை எடுங்கள். டயரை மாட்டி, காற்று அடித்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள், புது டயர் கொஞ்சம் விரியும். பின்சக்கரத்தின் இருபுறமும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வளைவுக்குக் கீழேயும் அந்தக் கீ உரசாமல் நுழைய வேண்டும். இடிக்கிறது என்றால் அந்த டயர் உங்கள் ஃபிரேமுக்கு இல்லை. அதனால் கடையில் அதே அளவுள்ள டயரை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கடைசி நிர்ணயத்தை உங்கள் பாதையிலேயே செய்யுங்கள். வேரும் கல்லும் உள்ள லேசான சரிவில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மிதிக்காமல், பிரேக் தொடாமல் உருண்டு இறங்குங்கள். நிற்கும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். ஒவ்வொரு காற்றுக்கும் மூன்று முறை, 2 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டே போங்கள். குச்சி தள்ளித் தள்ளிப் போகும், ஒரு கட்டத்தில் பின்வாங்கும் அல்லது ரிம் இடிக்கத் தொடங்கும். அதற்கு ஒரு படி முன்னால் இருந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இந்த எண் தெரியாது. 30 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் பாருங்கள். ட்யூப்லெஸ் ஆக்கினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் காய்ந்துவிட்டதா என்றும் பார்த்து ஊற்ற வேண்டும்.