எரிபொருளை அளந்தவர் யார்?

அன்பின் அக்காவுக்கு,

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்த கதைகளின் தொகுப்பு ஒன்றை அண்மையில் வாசித்தேன். 1970இல் ரொபர்ட் சில்வர்பெர்க் தொகுத்தது. ஒரு கதை அறிவியலைக் கொண்டாடுகிறது, அடுத்தது அஞ்சி நடுங்குகிறது. எதை நம்புவது? டொம் கோட்வினின் விண்கலக் கதை என்னைத் தூங்கவிடவில்லை. கணக்கு சரிதான், மனம் ஏற்கவில்லை. இன்னொன்று: மழை இருட்டினாலே மின்சாரம் போய்விடும் ஊரில் இருந்துகொண்டு எதிர்காலக் கதை எழுத நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

எதையும் நம்ப வேண்டாம். தொகுப்பு என்பதே அதற்குத்தான். எல்லோரும் ஒரே எதிர்காலத்தை எழுதியிருந்தால் அதைச் சோதிடப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருப்பேன். ஒரே ஆள் எழுதினாலும் நல்ல கதைகள் தமக்குள் சண்டை பிடிக்கும். ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்த ஐசக் அசிமோவ், 1950இல் வெளியிட்ட தொகுப்பின் பெரும்பகுதியில் அந்த விதிகள் எங்கே சறுக்குகின்றன என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்.

கோட்வினுக்கு வருகிறேன். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: தொலைவான கோளொன்றில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் சிறிய கலம். விமானி ஒருவருக்கு மட்டுமே கணக்கிட்ட எரிபொருள். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவளுடைய எடையோடு கலம் தரையிறங்க முடியாது. அவளை வெளியே, வெற்றுவெளியில் விட்டுவிடுகிறார்கள். 1954இல் வந்த கதை. கோட்வின் அவளைக் காப்பாற்றிக் காப்பாற்றி எழுதி அனுப்ப, இதழாசிரியர் ஜோன் கேம்பெல் திருப்பித் திருப்பி அனுப்பினார் என்பது பலர் பதிவுசெய்த செய்தி.

இயற்பியலுக்கு இரக்கம் இல்லை என்கிறது கதை. இருக்கட்டும். ஆனால் ஒரு துளி மேலதிகம் இல்லாமல் நிரப்பச் சொன்னது இயற்பியலா? அந்த அளவை ஓர் அலுவலகம் தீர்மானித்தது. கோட்வின் அந்த அலுவலகத்தை நமக்குக் காட்டவே இல்லை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த வன்னி ஆட்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று வரும். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சிறு போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, சில துளி விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வரும் வெண்புகையில் ஆளையே தெரியாது. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் கையால் மிதியைச் சுற்றுவார்கள். டைனமோ டயரில் உரசும், அதிலிருந்து இரண்டு வயர் வானொலிக்குப் போகும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். சுற்றி இருப்பவர்கள் ஏசுவார்கள். இங்கே எரிபொருள் குறைந்ததற்கு எந்தச் சமன்பாடும் காரணமில்லை. கையெழுத்துப் போட்ட ஆட்கள் இருந்தார்கள். உங்கள் மனம் ஏற்க மறுப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவில் வாழ்ந்தவர். விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் நாவலை 1979இல் வெளியிட்டார். அதற்கு நிலநடுக்கோடு தேவைப்பட்டது. இலங்கையைச் சாயலாகக் கொண்ட தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். ஒரு கதைக்காகத் தீவையே இழுத்துப் போகலாம் என்றால், மின்வெட்டெல்லாம் ஒரு தடையா?

நகரத்து எழுத்தாளர்கள் தேடி அலையும் கரு உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. மனித உத்தரவு இல்லாமல் தானே கொல்லும் இயந்திரம் வந்தால் என்ன ஆகும் என்று கதை கதையாக எழுதுகிறார்கள். போர்முனையாக இருந்த முகமாலையில் அது மண்ணுக்குள் கிடந்தது. மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற அசிமோவின் முதல் விதி மிதிவெடிக்குத் தெரியாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்ததும் தெரியாது. முகக்கவசம் போட்ட பெண்கள் வெயிலில் முழங்காலிட்டு, கருவி ஒலித்த இடத்தை விரல் விரலாகச் சுரண்டித்தான் அதைக் கிளப்பினார்கள். எதிர்காலக் கதைகளில் இயந்திரத்தைக் கண்டுபிடிக்கிறவர் இருப்பார், ஏவுகிறவர் இருப்பார். பின்னால் வந்து துப்புரவாக்குகிற இந்தப் பெண்ணை நான் அதிகம் கண்டதில்லை. பழுது திருத்துகிறவரும் அப்படித்தான், அரிதாகவே வருவார்.

இவர்களில் ஒருவரை வைத்து 2080இல் நடக்கும் கதை ஒன்று எழுதிப் பாருங்கள். இரணைமடுக் குளத்து நீரை யாருக்கு எப்போது திறப்பது என்று ஒரு கணினி முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் கடைசி வயல்காரி அதனோடு எப்படி வாதாடுவாள்? நீங்கள் பொறியியல் படிப்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: அந்தக் கணினி எப்படி இயங்குகிறது என்ற விளக்கத்தை முதல் பக்கத்தில் கொட்டிவிடாதீர்கள். வயல்காரிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு போதும்.

அன்புடன்,
அக்கா