திருகோணமலை டவுனில் கரண்ட், தண்ணி பில்லோடு சேர்த்த வாடகை வீடு

திருகோணமலை டவுனில கரண்ட், தண்ணி பில்லும் வாடகைக்குள்ள அடங்கிற வீடு எப்பிடித் தேடுறதெண்டு கேட்டிருந்தீங்கள். தனி வீடு தேடாதீங்கோ. வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மேல்மாடியையோ அனெக்ஸையோ (வீட்டோட ஒட்டின தனிப் பகுதி) வாடகைக்கு விடுற இடமாப் பாருங்கோ. பில்லும் வாடகைக்குள்ளயே அடங்கிறது அநேகமா அப்படியான இடத்திலதான். உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் ஒழுங்கைக் கடைகளில நேர போய் விசாரியுங்கோ.

முதல்ல ஓமெண்டு சொன்ன வீட்டுக்காரர், உங்களிட்ட ஏசி இருக்கெண்டதும் பின்வாங்கிட்டார் எண்டு எழுதியிருந்தீங்கள். காரணம் அநேகமா மீட்டர்தான். ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர் எண்டா யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின்ர விலையும் ஏறும். உங்கட ஏசியால அவற்ற பில்லும் கூடின விலைப் படிக்குப் போகும். அவர் பயப்பிடுறது நியாயம்தான். அதால நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ: சப் மீட்டர் (உங்கட பகுதி யூனிட்டை மட்டும் காட்டுற தனி மீட்டர்) போட்டு, மாசம் 60 யூனிட் வரைக்கும் வாடகைக்குள்ள, அதுக்கு மேல நான் கட்டுறன் எண்டு.

சப் மீட்டர் ஏற்கெனவே இருந்தா, அட்வான்ஸ் குடுக்க முதல் உங்கட பகுதியில எல்லா சுவிட்சையும் நிப்பாட்டிட்டு, வீட்டுக்காரரைக் கிணத்து மோட்டரைப் போடச் சொல்லி மீட்டரைப் பாருங்கோ. அப்பவும் ஓடினா மோட்டர் உங்கட லைன்ல இருக்கு. பழைய கரண்ட் பில் மூண்டு கேளுங்கோ. ரூபாயை விட்டிட்டு யூனிட்டைப் பாருங்கோ.

உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் மட்டும் கவனம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சுற்றுலா சீசன். அந்த நேரம் சுற்றுலாக்காரருக்கு விடுறதுக்காக உங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லக்கூடும். ஒப்பந்தத்தில காலத்தையும் யூனிட் அளவையும் எழுத்தில போடாமல் காசு குடுக்க வேண்டாம்.