கபுகி நடிகர் படம்: சான்றிதழைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு ஓவியர் குனிசாதா வரைந்த, கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் படம் என்று இணையத்தில் ஒருவர் 90,000 யென் கேட்கிறார். ‘கையால் அச்சிட்ட மரக்கட்டை அச்சு’ என்ற சான்றிதழும் தருகிறார். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். சான்றிதழ் பொய் சொல்லவில்லை, வில்லங்கமே அதுதான். பழைய படங்களைப் புதுக் கட்டையில் செதுக்கிக் கையாலேயே அச்சிடும் பட்டறைகள் டோக்கியோவில் இன்றும் உண்டு. நேர்மையான தொழில், ஓரத்தில் தங்கள் முத்திரையைப் போட்டே விற்கிறார்கள். இடையில் வரும் புண்ணியவான் அந்த ஓரத்தை நறுக்கிவிட்டு, 1850களின் படம் என்கிறார். ஓரம் ஒட்ட வெட்டிய படம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படத்திலுள்ள அந்தக் கால அரசின் தணிக்கை முத்திரையைக் காட்டி மயக்குவார்கள். மறு அச்சுக்குச் செதுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் செதுக்குவார்கள்!

பின்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். தாளைக் கட்டைமேல் கவிழ்த்து, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தி எடுத்த அச்சு இது. சாயம் நாருக்குள் ஊறிப் பின்னாலும் தெரியும். பூதக்கண்ணாடியில் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் என்ற இயந்திர அச்சு, காசு கொடுக்காதீர்கள்.

பின்பக்கம் சுத்தமாக இருந்தாலே போலி என்றும் முடிவுகட்டாதீர்கள். அந்தக் காலத்தில் இவற்றை ஆல்பமாகக் கட்டிவைக்கப் பின்னால் வேறொரு தாளை ஒட்டினார்கள். பூச்சி அரித்ததை மறைக்கப் பிற்காலத்திலும் ஒட்டினார்கள். நீங்கள் பார்ப்பது அந்த ஒட்டுத்தாளாக இருக்கலாம். விளிம்பில் இரண்டு அடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், தயவுசெய்து தண்ணீர் தொட்டு உரிக்காதீர்கள், சாயம் கரைந்துவிடும்.

பழசா புதுசா என்பதற்கு நல்ல வழி, ஒப்பிடுவது. டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகம் நடிகர் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதே படத்தைத் தேடி, தலைமுடிக் கோடுகளையும் எழுத்து வளைவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடி செதுக்கிய கட்டை அங்கே காட்டிக்கொடுக்கும். இந்த வேலையை விற்பனைத் தளம் செய்திருக்க வேண்டும். அதற்குக் கமிஷன் எடுக்கத்தான் நேரம். சான்றிதழை யார் அச்சடித்தார் என்றுகூடக் கேட்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தாலும் விலை அதிகம். குனிசாதா பல்லாயிரம் படங்கள் வரைந்தவர்; டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் அவருடைய தனித்தாள்கள் இதைவிட மிக மலிவாகவே கிடைக்கின்றன. நடிகர் பக்கவாட்டில் யாரையோ முறைக்கிறாரா? அப்படியானால் அது மூன்று தாள் தொகுப்பில் ஒன்றாக இருக்கலாம். மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.