பக்தியோடு இருப்பவர்களுக்கு வரும் கஷ்டத்தில் இறைவனின் கருணை எங்கே இருக்கிறது?

"தினமும் சாமி கும்பிடுகிறவர்களுக்கே ஏன் இவ்வளவு கஷ்டம், அதில் கருணை எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, பார்க்க வந்த யாரோ ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வி வராது.

கருணை இருக்கிறது. ஆனால் அதை நோயில் கிடப்பவரிடம் அடுத்தவர் போய்ச் சொல்லக் கூடாது. சைவத்தில் மறக்கருணை என்று ஒரு சொல் உண்டு. தாய் பிள்ளையைக் கண்டித்துத் திருத்துவது போல, துன்பம் கொடுத்து ஆட்கொள்வது. பட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் அது பெரிய சொல். பார்க்க வந்தவர் சொன்னால் வெந்த புண்ணில் வேல்.

எங்களுக்குப் பண்ருட்டி. ஐந்து வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். விடிகாலை நாலரைக்கு வீட்டைப் பூட்டினால்தான் கடலூரில் முதல் ஷிப்ட் கிடைக்கும். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். காய்கறியை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன், பொட்டாசியம் குறைவதற்காக. பலாப்பழம் கூடவே கூடாது. சீசனில் எங்கள் ஊர்க் கடைத்தெரு முழுக்கப் பலா மணக்கும். அவர் எதுவும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்.

"போன ஜென்மத்தில் என்ன பாவமோ" என்றார்கள் உறவுக்காரர்கள். எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் அப்படிப் பேசியவள்தான். எதிர்வீட்டு அக்காவின் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது, "குலதெய்வத்துக்கு ஏதோ குறை வைத்திருக்கிறீர்கள், என்னவென்று பாருங்கள்" என்று வாசலில் நின்றே சொன்னேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். உள்ளே போய் அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

டயாலிசிஸ் தொடங்கி இரண்டாவது வாரம். மதியம் அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்குகிறேன். எங்கள் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, சின்னதாக ஒரு நாலுபுள்ளிக் கோலம். இருட்டோடு ஓடுகிற எனக்கு வாசல் தெளிக்க நேரமே இருப்பதில்லை. தெளிக்காத வாசலை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே அக்காதான் செய்திருந்தார். அன்று சாயங்காலம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "முதல்ல அவருக்குச் சோத்தைப் போடு, போ" என்று அனுப்பிவிட்டார். இன்றைக்கு வரை அந்த மூன்று நாளும் எங்கள் வாசலில் அவர் கோலம்தான்.

அப்பர் சுவாமிகளின் சூலை நோய்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சமணத்துக்குப் போனவரைத் திரும்ப ஆட்கொள்ள சிவன் கொடுத்த கடும் வயிற்றுவலிதான் சூலை. "கூற்றாயினவாறு விலக்ககலீர்" என்று அவர் பாடியது எங்கள் ஊரை ஒட்டிய திருவதிகையில், 7ஆம் நூற்றாண்டில். பாடினார், வலி நீங்கியது. எங்களுக்கு நீங்கவில்லையே என்று அந்தக் கதை கேட்கவே எனக்கு வலிக்கும். எங்கள் வாசலில் அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகுதான் அப்பருடைய அக்கா திலகவதியாரை நினைத்தேன். அப்பா, அம்மா இருவரும் போய், கட்டிக்கொள்ள இருந்த கலிப்பகையாரும் போரில் இறந்த பிறகு, திலகவதியாரும் உயிரை விடத் துணிந்தார். தம்பி அக்காவின் காலில் விழுந்து அழுதார். தம்பி இருக்க வேண்டுமே என்ற தயவினால் உயிர் தாங்கினார் என்கிறது பெரியபுராணம். தயா என்ற சொல்லையே சேக்கிழார் அங்கே வைக்கிறார். அந்தத் தம்பிதான் பல வருடம் கழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் வந்து விழுகிறார். அக்கா திருநீறு கொடுத்து, துடைப்பம், சாணம், தண்ணீர்த் தோண்டி எடுத்துக்கொண்டு, கோயில் வாசல் கூட்டக் கிளம்பும்போது அவரையும் அழைத்துப் போகிறார். சூலையைக் கொடுப்பதற்கு முன்பே சிவன் அக்காவைக் கொடுத்துவிட்டார். எனக்கு அதுதான் கருணை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போன வருடம் வேறோர் ஊரில் பெரிய கோயிலுக்குப் போனோம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையை யாரும் இடித்துவிடாமல் நெஞ்சோடு அணைத்தபடி அவர் இரண்டு மணி நேரம் தர்ம தரிசன வரிசையில் நின்றார். பணம் கட்டியவர்கள் பக்கத்து வழியில் போய்க்கொண்டே இருந்தார்கள். முடியாதவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட எவ்வளவு ஆகும்? இதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

"கோலம் போட்டது எதிர்வீட்டாரின் நல்ல மனசு, கடவுளுக்கு அதில் என்ன வேலை" என்று சிலர் கீழே எழுதுவீர்கள். சரி, உங்கள் கணக்கு அப்படியே இருக்கட்டும். அந்த மனசை அங்கே யார் வைத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நோய் வந்ததே நல்லதற்குத்தான் என்றும் நான் சொல்லவில்லை. அவருக்கு நாளைக்கே குணமானால் திருவதிகையில் நூறு தடவை விழுந்து கும்பிடுவேன்.

வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் சாமி பேச்சை எடுப்பதில்லை. மிஷினில் இருக்கும்போது குளிரும், போர்வை கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். மறந்து வருகிறவர்களுக்காக என் பையில் இன்னொன்று வைத்திருக்கிறேன்.